ப்ரைவேட் பைலட் கமர்ஷியலுக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ப்ரைவேட் பைலட் சர்டிபிகேட் வாங்கி, கொஞ்ச காலம் பறந்து பழகியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-யின் பார்ட் 61 (பைலட் சான்றிதழ்களுக்கான) விதிப்படி பதில் கொடுத்திருக்கிறோம். எல்லாமே ஒற்றை என்ஜின் விமானம் ஓட்டுபவர்களுக்கு. ஹெலிகாப்டர், கிளைடர், பலூன் ஆகியவற்றுக்குக் கணக்கு வேறு.

1. கமர்ஷியல் வாங்கினா எனக்கு உண்மையில என்ன கிடைக்கும்?

விமானம் ஓட்டுவதற்காகச் சம்பளம் வாங்கும் தகுதி கிடைக்கும். ப்ரைவேட் பைலட்டாக நீங்கள் பயணச் செலவில் உங்கள் பங்கை நீங்களே போட வேண்டும். எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை இந்த நான்கை மட்டும்தான் பயணிகளோடு பிரித்துக்கொள்ளலாம். கமர்ஷியல் வந்துவிட்டால் உங்கள் உழைப்புக்கே கூலி வாங்கலாம்.

ஆனால் பாதிப்பேர் இங்கேதான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கமர்ஷியல் சர்டிபிகேட் உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ளத் தகுதியான பைலட் ஆக்குகிறது, அவ்வளவுதான். ஆட்களை ஏற்றிக் காசு வாங்கும் தொழிலை நடத்த அது அனுமதி தராது. பஸ் ஓட்டும் லைசென்ஸ் கையில் இருப்பதால் ரூட் பெர்மிட் கிடைத்துவிடாது, அது மாதிரி. இந்த வித்தியாசத்தை 15, 16, 17-ஆம் கேள்விகளில் விரிவாகப் பார்ப்போம். அதற்காகவே கமர்ஷியலுக்குப் போக நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் அந்த மூன்றையும் படித்துவிடுங்கள்.

2. ஏர்லைன் போற எண்ணமே இல்ல. வார இறுதியில ஆசைக்கு ஓட்டுறவனுக்கு இது எதுக்கு?

இரண்டு காரணங்களுக்காகப் போகலாம். ஒன்று, பயிற்சியாளர் ஆக வேண்டுமென்றால் விமானப் பிரிவில் கமர்ஷியலும் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கும் (வெளியே தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி) இரண்டும் கட்டாயம். பகுதி நேரமாகச் சொல்லிக் கொடுத்து, பறக்கும் செலவைக் குறைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதுதான் வழி. இரண்டு, கை சுத்தமாகும். ப்ரைவேட் தேர்வு நீங்கள் பாதுகாப்பாக ஓட்டுகிறீர்களா என்று பார்க்கும். கமர்ஷியல் தேர்வு நீங்கள் நினைத்த இடத்தில், நினைத்த வேகத்தில், நினைத்த உயரத்தில் விமானத்தை வைக்கிறீர்களா என்று பார்க்கும். 200 மணி நேரம் பறந்தும் மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டர் பெடலில் கால் வைக்க மறக்கிறவர்கள் உண்டு. இந்தப் பயிற்சியில் அந்தப் பழக்கம் போய்விடும்.

வருடத்துக்கு 20, 30 மணி நேரம் நல்ல வானிலையில் மட்டும் பறப்பவர் என்றால் எங்கள் கருத்து வேறு. உங்கள் பணம் முதலில் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்குக்குப் போகட்டும். அதுவும் வேண்டாம் என்றால், கமர்ஷியல் பாடத்தில் உள்ள பயிற்சிகளை மட்டும் ஒரு பயிற்சியாளரோடு பத்து மணி நேரம் செய்து பாருங்கள். கை சுத்தமாக அதுவே போதும்.

3. முதல்ல இன்ஸ்ட்ரூமென்டா, கமர்ஷியலா?

இன்ஸ்ட்ரூமென்ட். அது இல்லாமலும் கமர்ஷியல் வாங்கலாம். ஆனால் சர்டிபிகேட்டிலேயே ஒரு கட்டுப்பாடு அச்சாகி வரும். 50 கடல் மைலுக்கு மேற்பட்ட கிராஸ்கன்ட்ரியிலும் (ஊர் விட்டு ஊர் போகும் பயணம்), இரவிலும், கூலிக்குப் பயணிகளை ஏற்றக் கூடாது என்பது அந்தக் கட்டுப்பாடு. அப்படிப்பட்ட பைலட்டை வேலைக்கு எடுக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

மணி நேரக் கணக்கிலும் இந்த வரிசைதான் லாபம். இன்ஸ்ட்ரூமென்டுக்குத் தேவையான 50 மணி நேர கிராஸ்கன்ட்ரி பைலட்-இன்-கமாண்ட் (விமானத்துக்கு நீங்களே பொறுப்பேற்று ஓட்டிய) நேரம் கமர்ஷியலுக்கும் அப்படியே பயன்படும். கமர்ஷியல் கேட்கும் 10 மணி நேர இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சியையும் ரேட்டிங் பயிற்சியிலேயே முடித்துவிடலாம். ஆனால் லாக்புக்கில் (பறந்த நேரம் எழுதும் குறிப்பேடு) வெறுமனே 'இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சி' என்று மட்டும் எழுதியிருந்தால் தேர்வு நடத்தும் எக்ஸாமினர் ஏற்க மறுக்கலாம். பகுதிக் கருவிகளோடு ஓட்டுதல், தாறுமாறான நிலையிலிருந்து மீளுதல், வழிகாட்டும் சிக்னலைப் பிடித்துத் தொடர்தல் என்று விதி கேட்கும் பாகங்களைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அந்த 10-இல் 5 மணி நேரமாவது ஒற்றை என்ஜின் விமானத்தில் இருக்க வேண்டும்.

4. லாக்புக்ல 250 மணி நேரம் வந்துடுச்சு. நேரா செக்ரைடுக்குப் போயிடலாமா?

செக்ரைடு என்பது எக்ஸாமினரிடம் வாய்மொழியாகவும் பறந்து காட்டியும் கொடுக்கும் தேர்வு. 250 என்பது மொத்தம். அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 61.129 விதி கேட்பது இது: என்ஜின் உள்ள எந்த வான்கலத்திலும் 100 மணி நேரம், அதில் 50 விமானத்தில். பைலட்-இன்-கமாண்டாக 100, அதில் 50 கிராஸ்கன்ட்ரி. பயிற்சியாளரோடு 20 மணி நேரக் கமர்ஷியல் பயிற்சி. தனியாக, அல்லது பயிற்சியாளர் உடனிருக்க கமாண்டர் பொறுப்பை நீங்களே செய்து, 10 மணி நேரம்.

அந்த 20-க்குள் 10 மணி நேர இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சி, 10 மணி நேரக் காம்ப்ளெக்ஸ் அல்லது நவீன விமானப் பயிற்சி (7-ஆம் கேள்வி), பகலில் ஒன்று இரவில் ஒன்று என இரண்டு கிராஸ்கன்ட்ரி, தேர்வுக்கு முந்தைய 2 காலண்டர் மாதத்துக்குள் 3 மணி நேரத் தயாரிப்பு எல்லாம் அடங்க வேண்டும். கிராஸ்கன்ட்ரி ஒவ்வொன்றும் 2 மணி நேரமாவது ஓட வேண்டும். கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 100 கடல் மைலுக்கு மேல் போயிருக்கவும் வேண்டும். ப்ரைவேட் பயிற்சியில் போன இரவுப் பயணம் பெரும்பாலும் இதற்கு உதவாது. அங்கே மொத்த தூரம் 100-ஐத் தாண்டினால் போதும். இங்கே நேர்கோட்டு தூரமே தாண்ட வேண்டும்.

லாக்புக் குறிப்பு இப்படி இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்: 'கமர்ஷியல் இரவு கிராஸ்கன்ட்ரி, 2.3 மணி, கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 112 கடல் மைல்.' வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், ஆங்கிலம் படிக்க, பேச, எழுத, புரிந்துகொள்ள வேண்டும் என்பவை தனி.

5. அந்த 300 மைல் பயணத்துக்கு வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போனேன். கணக்குல வருமா?

வராது. இந்தத் தடுக்கலில் விழுபவர்கள் நிறைய. கமர்ஷியலுக்கான நீண்ட பயணம் மொத்தம் 300 கடல் மைலுக்குக் குறையக் கூடாது. மூன்று இடங்களில் இறங்க வேண்டும். அதில் ஒன்று கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 கடல் மைலாவது தள்ளி இருக்க வேண்டும். ஹவாயில் மட்டும் அது 150. இந்தப் பயணம் 4-இல் சொன்ன 10 மணி நேரத்துக்குள் வருவது. அந்த 10 மணி நேரத்தில் விமானத்தில் நீங்கள் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும், அல்லது உங்களோடு பயிற்சியாளர் இருக்க வேண்டும். மனைவியோ, நண்பரோ, இன்னொரு ப்ரைவேட் பைலட்டோ இருந்தால் அது தனிப் பறத்தல் ஆகாது. அந்த நேரம் உங்கள் மொத்தத்திலும் பைலட்-இன்-கமாண்ட் கணக்கிலும் சேரும். இந்தத் தேவைக்கு மட்டும் திரும்பவும் போக வேண்டும்.

இன்னொன்று. 10 மணி நேரத்தைப் பாதி தனியாகவும் பாதி பயிற்சியாளரோடும் கலந்து செய்யாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழுதாக அந்த வழியிலேயே முடியுங்கள். கலந்து செய்தவர்களைத் தேர்வு நாளில் திருப்பி அனுப்ப இடமுண்டு.

6. ராத்திரி 10 லேண்டிங் ஏற்கெனவே போட்டிருக்கேனே?

எங்கே போட்டீர்கள், யாரோடு போட்டீர்கள் என்று பாருங்கள். விதி கேட்பது 5 மணி நேரம் இரவு, விஎஃப்ஆர் நிலையில் (வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் வானிலை). அதில் 10 டேக்ஆஃப், 10 லேண்டிங், ஒவ்வொன்றுக்கும் பேட்டர்ன் (ரன்வேயைச் சுற்றி இறங்க வரும் பாதை) சுற்றி வர வேண்டும். அந்த நேரத்தில் கன்ட்ரோல் டவர் இயங்கிக்கொண்டிருக்கும் விமான நிலையமாக இருக்க வேண்டும். சிறிய நிலையங்களில் டவர் இரவு சீக்கிரமே மூடிவிடும். கோடையில் இருட்டுவதற்குள் டவர் மூடிவிட்டால் அந்த லேண்டிங் எதுவும் செல்லாது. போவதற்கு முன் டவர் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தனியாக அல்லது பயிற்சியாளரோடு என்ற 5-ஆம் கேள்வியின் நிபந்தனை இதற்கும் உண்டு.

7. எங்க கிளப்ல மடங்குற சக்கரம் உள்ள விமானம் இல்ல. அதனால முடியாதா?

முடியும். மடங்கும் சக்கரம், இறக்கையின் பின்பக்கம் இறங்கும் ஃப்ளாப், கோணம் மாற்றக்கூடிய ப்ரொப்பெல்லர் மூன்றும் உள்ள காம்ப்ளெக்ஸ் விமானத்தில்தான் செக்ரைடு கொடுக்க வேண்டும் என்று முன்பு இருந்தது. 2018-இல் அது போய்விட்டது. அதே ஆண்டு 10 மணி நேரப் பயிற்சி விதியும் மாறியது. காம்ப்ளெக்ஸ், டர்பைன், அல்லது தொழில்நுட்பத்தில் மேம்பட்ட விமானம், இவற்றில் எதிலும், கலந்தும் செய்யலாம்.

மேம்பட்ட விமானம் என்றால் மூன்று அம்சங்கள் இருக்க வேண்டும்: பறக்கும் கருவிகளைக் காட்டும் முதன்மைத் திரை, நகரும் வரைபடத்தோடு ஜிபிஎஸ் காட்டும் இன்னொரு திரை, வழிகாட்டியோடு இணைந்த இரண்டு அச்சு ஆட்டோபைலட். ஜி1000 (இந்தத் திரைகள் கொண்ட கருவித் தொகுதி) உள்ள செஸ்னா 172-இல் அந்த ஆட்டோபைலட்டும் இருந்தால் போதும். பழைய விமானத்தில் ஒரு ஐபேடைப் பொருத்திவிட்டு இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த 10 மணி நேரமும் பயிற்சியாளரோடு போனதாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். வாடகைக்கு எடுத்துத் தனியாக ஓட்டியது சேராது.

வேலைக்குப் போக நினைப்பவர்கள் காம்ப்ளெக்ஸ் அனுமதிக் கையெழுத்தையும் எப்படியாவது வாங்கிவிடுவது நல்லது. பைப்பர் ஆரோ மாதிரி ஒன்றில் சில மணி நேரப் பயிற்சி போதும்.

8. செகண்ட் கிளாஸ் மெடிக்கல் இப்பவே எடுக்கணுமா?

தேர்வுக்கு வேண்டாம். செகண்டைவிடத் தளர்வான தேர்ட் கிளாஸ் மருத்துவச் சான்றோ, பேசிக்மெட்டோ (அதற்குப் பதிலான எளிய மருத்துவத் தகுதி முறை) இருந்தாலே கமர்ஷியல் செக்ரைடு கொடுக்கலாம். சம்பளம் வாங்கிப் பறக்கும் நாளில்தான் செகண்ட் கிளாஸ் வேண்டும். அதன் கமர்ஷியல் செல்லுபடி 12 காலண்டர் மாதம். அதற்குப் பின் அதே சான்றிதழ் தேர்ட் கிளாஸாக நடக்கும். பரிசோதனை அன்று 40 வயதுக்குள் இருந்தவருக்கு, பரிசோதனை மாதத்திலிருந்து 60 மாதம் வரை. 40 தாண்டியவருக்கு 24 மாதம்.

ஆனாலும் வேலைதான் நோக்கம் என்றால் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். ரத்த அழுத்தம், மாத்திரை, பழைய அறுவை சிகிச்சை போன்ற சிக்கல் இருந்தால் பாதிச் செலவு செய்த பிறகு அல்ல, முன்கூட்டியே தெரிந்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் படிவம் நிரப்புவதற்கு முன் விமான மருத்துவரிடம் ஆலோசனையாகப் பேசிவிடுங்கள். படிவத்தை அனுப்பிய பின் பின்வாங்குவது கடினம்.

9. மொத்தம் எவ்வளவு செலவாகும்?

உங்கள் லாக்புக்கில் இப்போது என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ப்ரைவேட், இன்ஸ்ட்ரூமென்ட் இரண்டும் முடித்து 180 மணி நேரம் இருப்பவருக்கு இன்னும் 70 மணி நேரம் தேவை. எரிபொருளோடு வாடகை மணிக்கு 180 டாலர் என்று வைத்துக்கொண்டால் 12,600 டாலர். பயிற்சியாளருக்கு மணிக்கு 70 டாலர் வீதம் 25 மணி நேரத்துக்கு 1,750. எழுத்துத் தேர்வு, எக்ஸாமினர் கட்டணம், தேர்வு நாள் விமான வாடகை எல்லாம் தனி. உங்கள் ஊர் விலையை இந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய செலவு பயிற்சியல்ல, மீதி மணி நேரத்தை நிரப்புவதுதான். எப்படியும் பறக்கப் போகிறவர் என்றால் அந்தச் செலவைக் கமர்ஷியல் கணக்கில் எழுத வேண்டியதே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் பயிற்சியாளரோடு செய்வதில் 50 மணி நேரம் வரை மொத்தத்தில் சேர்க்க இடமுண்டு. சொந்த விமானம் இருந்தால் அதிலேயே பயிற்சி எடுக்கலாம். விமானம் உங்களுடையதாகவும் பயிற்சியாளர் வெறும் பயிற்சியாளராகவும் இருக்கும்போது 100 மணி நேரப் பரிசோதனை தேவையில்லை, வருடாந்திரப் பரிசோதனை போதும்.

10. பார்ட் 141 பள்ளிக்குப் போனா சீக்கிரம் முடியுமாமே?

எஃப்ஏஏ அங்கீகரித்த பாடத்திட்டப்படி நடக்கும் பார்ட் 141 பள்ளியில் மொத்த மணி நேரம் 190 ஆகக் குறையும், உண்மைதான். ஆனால் அது பாடத்திட்டத்தை ஆரம்பத்திலிருந்து அங்கேயே படிப்பவர்களுக்கு லாபம். ஏற்கெனவே 180, 200 மணி நேரம் வைத்திருக்கும் ப்ரைவேட் பைலட்டுக்கு பார்ட் 61 வழியே சுலபம்.

11. கமர்ஷியல் பயிற்சிகள் ரொம்பக் கஷ்டமா?

கஷ்டம் என்பதைவிட, அளவு இறுக்கம். ப்ரைவேட்டில் செங்குத்துத் திருப்பம் 45 டிகிரி. இங்கே 50 டிகிரி சாய்வில் சுற்ற வேண்டும், உயரம் 100 அடிக்குள், வேகம் 10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) அளவுக்குள். குறுகிய ரன்வே லேண்டிங்கில் ப்ரைவேட்டுக்கு 200 அடி விட்டுக்கொடுப்பார்கள். கமர்ஷியலுக்கு 100 அடி, குறித்த இடத்துக்கு முன்னால் ஓர் அடி கூட விழக் கூடாது. மெதுவாகப் பறக்கும்போது உயரம் 50 அடிக்குள் நிற்க வேண்டும்.

புதிதாக வருபவை சாண்டெல், லேசி எய்ட் (ஏறி இறங்கித் திரும்பி வானில் எட்டு போடுவது), எய்ட்ஸ் ஆன் பைலான்ஸ், செங்குத்துச் சுழல், 12-ஆம் கேள்வியில் வரும் 180 லேண்டிங். சாண்டெல் 180 டிகிரி ஏறு திருப்பம். முதல் 90-இல் சாய்வை 30 டிகிரியில் நிறுத்தி மூக்கை மெல்ல உயர்த்திக்கொண்டே வர வேண்டும். அடுத்த 90-இல் மூக்கை அப்படியே வைத்துச் சாய்வைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முடிவில் ஸ்டால் வேகத்துக்கு (இறக்கை தூக்கும் விசையை இழக்கும் வேகம்) சற்று மேலே நிற்பீர்கள். முழு சக்தி, குறைந்த வேகம் என்பதால் வலது ரட்டர் நிறைய வேண்டியிருக்கும். இடப்பக்கத் திருப்பத்திலிருந்து மட்டமாக வெளிவரும்போது இன்னும் அதிகம். பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் இல்லாமல் பலர் கெடுத்துக்கொள்வது அங்கேதான்.

எய்ட்ஸ் ஆன் பைலான்ஸ், அதாவது தரையில் குறித்த இரண்டு இடங்களைச் சுற்றி எட்டு போடுவது, பலருக்குக் குழப்பம். இங்கே உயரம் நிலையானதல்ல. தரை வேகத்தை நாட் கணக்கில் எடுத்து அதன் வர்க்கத்தை 11.3-ஆல் வகுத்தால் வருவது தரையிலிருந்து பறக்க வேண்டிய உயரம். 100 நாட் வேகத்துக்கு சுமார் 885 அடி, 90 நாட் வேகத்துக்கு சுமார் 717 அடி. எதிர்க்காற்றில் தரை வேகம் குறையும், உயரமும் இறங்க வேண்டும். பின்காற்றில் ஏற வேண்டும். தரையில் குறித்த இடம் இறக்கையின் குறிப்புப் புள்ளியை விட்டு முன்னால் நகர்ந்தால் நீங்கள் அதிக உயரத்தில் இருக்கிறீர்கள், கன்ட்ரோலை முன்னால் தள்ளுங்கள். பின்னால் நகர்ந்தால் பின்னால் இழுங்கள். ரட்டரை மிதித்துக் குறிப்பைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பவர்களை எக்ஸாமினர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

செங்குத்துச் சுழலில் த்ராட்டில் மூடி, தரையில் ஒரு புள்ளியைச் சுற்றி ஒரே ஆரத்தில் மூன்று வட்டம். சாய்வு 60 டிகிரியைத் தாண்டாமல், 1,500 அடிக்குக் கீழே போகாமல் முடிக்க வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் காற்றை நோக்கி வரும்போது கொஞ்சம் த்ராட்டில் கொடுத்து என்ஜின் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

12. பவர் ஆஃப் 180-ல மட்டும் சரியா இறங்கவே மாட்டேங்குது. என்ன பண்றது?

பேட்டர்னில் இறங்கும் குறிக்கு நேர் பக்கவாட்டில் வந்ததும் த்ராட்டிலை மூடி, மறுபடி தொடாமல், குறியிலிருந்து 200 அடிக்குள் தொட வேண்டும். குறிக்கு முன்னால் தொட்டால் தோல்வி. கமர்ஷியலில் நிறையப் பேருக்குத் தண்ணி காட்டுவது இதுதான்.

முதல் தவறு, வேகத்தை விட்டுவிடுவது. த்ராட்டில் மூடிய உடனே சிறந்த சறுக்கு வேகத்துக்கு வந்து ட்ரிம் செய்துவிடுங்கள். குறி எட்டாது போலத் தெரியும்போது மூக்கைத் தூக்குவது இரண்டாவது தவறு. அது விமானத்தை இன்னும் கீழேதான் இழுக்கும். குறைவாக வருகிறோம் என்றால் ரன்வேயை நோக்கி இப்போதே திரும்புங்கள், ஃப்ளாப்பைத் தள்ளிப்போடுங்கள். அதிகமாக வருகிறோம் என்றால் பேஸ் லெக்கை (ரன்வேக்குக் குறுக்கே வரும் பாதை) கொஞ்சம் வெளியே தள்ளுங்கள், ஃப்ளாப் போடுங்கள், முன்னோக்கிய ஸ்லிப் (விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரம் இழப்பது) கொடுங்கள். ஸ்லிப் அனுமதிக்கப்பட்டதுதான். உயரத்தைக் கரைக்க வழி பல உண்டு. போன உயரத்தைத் திரும்ப வாங்க வழியே இல்லை. அதனால் ஃபைனலில் (ரன்வேக்கு நேரான கடைசிப் பாதை) சற்று உயரமாக வருவதே சரி.

மூன்றாவது, குறியையே இலக்காகப் பார்ப்பது. தொடுவதற்கு முன் மூக்கைத் தூக்கும் ஃப்ளேரிலும் மிதப்பிலும் விமானம் இன்னும் கொஞ்ச தூரம் போகும். அதனால் கண் இலக்கு குறிக்கு 200, 300 அடி முன்பே இருக்க வேண்டும். உங்கள் விமானம் எவ்வளவு மிதக்கும் என்பது நாலைந்து முறை இறங்கினால் தெரிந்துவிடும். வெவ்வேறு காற்றில் செய்து பாருங்கள். அமைதியான நாளில் மட்டும் பழகியவர்களுக்குத் தேர்வு நாள் காற்று புதிதாக இருக்கும்.

13. எழுத்துத் தேர்வுக்கு ப்ரைவேட் படிப்பு போதுமா?

100 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, முடிவு 24 காலண்டர் மாதம் செல்லும். ப்ரைவேட் அடிப்படை கைகொடுக்கும். கூடுதலாக எடை சமநிலைக் கணக்கு, கோணம் மாறும் ப்ரொப்பெல்லர், உயரத்தில் ஆக்ஸிஜன் விதி ஆகியவை வரும். ஆக்ஸிஜனை வாய்மொழித் தேர்விலும் கேட்பார்கள்: கேபின் அழுத்த உயரம் 12,500 அடிக்கு மேல் 14,000 வரை 30 நிமிடத்தைத் தாண்டும் நேரத்துக்கு ஓட்டுபவருக்குக் கட்டாயம், 14,000-க்கு மேல் எப்போதும், 15,000-க்கு மேல் பயணிகளுக்கும் கொடுக்க வேண்டும்.

14. வயசு 52. இனிமே போய் பிரயோஜனம் உண்டா?

கமர்ஷியலுக்கு உச்ச வயது கிடையாது. 65 என்ற வரம்பு பெரிய ஏர்லைன் சேவைக்குத்தான். ஏர்லைனுக்குத் தேவையான ஏடிபி சர்டிபிகேட்டுக்கு பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்பதால் 52-இல் தொடங்கி அந்தப் பாதையில் போவது அவசரமான கணக்கு. பயிற்சியாளராவது, வான்வழிப் படமெடுப்பு, பைப்லைன் கண்காணிப்பு, ஸ்கைடைவர்களை ஏற்றிப் போவது, பேனர் இழுப்பது, விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் திறந்தே இருக்கின்றன. எதற்கும் முதலில் 8-ஆம் கேள்வியைப் பார்த்து மெடிக்கலை உறுதி செய்துகொள்ளுங்கள்.

250 மணி நேரத்தில் வேலை வரிசையில் நிற்குமா என்றும் கேட்கிறார்கள். பயிற்சியாளர் வேலைதான் வழக்கமான முதல் படி. பார்ட் 135 சார்ட்டர் (கேட்பவர்களைக் கூலிக்கு ஏற்றிப்போகும்) நிறுவனத்தில் விஎஃப்ஆர் கமாண்டருக்கே 500 மணி நேரமும், கருவிகளைப் பார்த்து ஓட்டும் ஐஎஃப்ஆருக்கு 1,200 மணி நேரமும் விதி கேட்கிறது.

15. கமர்ஷியல் வந்தாச்சு. விமானம் வாடகைக்கு எடுத்து, தெரிஞ்சவங்களை ஊர் ஊராக் கூட்டிட்டுப் போய் காசு வாங்கலாம்தானே?

கூடாது. விமானமும் பைலட்டும் இரண்டையும் நீங்களே கொடுத்து, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஆட்களையோ பொருளையோ காசுக்குக் கொண்டுபோனால், நீங்கள் ஒரு விமான சேவை நடத்துகிறீர்கள். அதற்கு பார்ட் 119-இன் கீழ் இயக்கச் சான்றும், பெரும்பாலும் பார்ட் 135 அனுமதியும் வேண்டும்.

எஃப்ஏஏ நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: ஏற்றிப்போகத் தயார் என்று தெரியப்படுத்துவது, ஆட்களை அல்லது பொருளை, இடத்திலிருந்து இடத்துக்கு, கூலிக்கு. தெரியப்படுத்துவது என்றால் விளம்பரம் மட்டும் இல்லை. 'யார் கேட்டாலும் கூட்டிப் போவார்' என்று வாய்வழியாகப் பேர் பரவினாலே போதும். கூலி என்பதும் நோட்டுக் கட்டு மட்டுமல்ல. இலவச எரிபொருள், உங்கள் லாக்புக்கில் இலவசமாகச் சேரும் மணி நேரம், வேறொரு வியாபாரத்தில் கிடைக்கும் அனுகூலம் எல்லாமே கூலியாக எண்ணப்படும்.

16. நண்பர் சொந்தமா விமானம் வெச்சிருக்கார். 'நீ ஓட்டு, சம்பளம் தர்றேன்'ங்கறார். சரியா?

இது சரி. விமானம் அவருடையது, பயணம் அவருடையது, எங்கே எப்போது போவது என்ற இயக்கப் பொறுப்பும் அவருடையது. நீங்கள் கொடுப்பது ஓட்டும் வேலை மட்டும். கமர்ஷியலும், செல்லுபடியாகும் செகண்ட் கிளாஸும், அந்த விமானத்துக்கான தகுதியும் இருந்தால் சம்பளம் வாங்கலாம். அவருடைய காப்பீட்டில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துவிடுங்கள். விமானத்தின் சேதத்தை உங்களிடமே வசூலிக்கும் உரிமையைக் காப்பீட்டு நிறுவனம் விட்டுக்கொடுத்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

சிக்கல் வருவது அவர் தன் நண்பர்களிடம் காசு வாங்கிக்கொண்டு உங்களை ஓட்டச் சொல்லும்போது. அப்போது அவர் 15-இல் சொன்ன சேவையை நடத்துகிறார். சர்டிபிகேட்டை இழக்கும் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, ஓட்டிய உங்களுக்கும்தான். பைலட்டையும் விமானத்தையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு, காகிதத்தில் மட்டும் வெறும் விமானக் குத்தகை என்று எழுதுவதும் இதே வலையில்தான் விழும்.

17. சும்மா ஊரைச் சுத்திக் காட்டிட்டு அதே இடத்துல இறங்கினா?

இதற்கு விதிவிலக்கு உண்டு. கிளம்பிய நிலையத்திலேயே இறங்கும், நடுவில் எங்கும் நிற்காத, 25 ஸ்டேட்யூட் மைல் வட்டத்துக்குள் உள்ள சுற்றிக் காட்டும் பயணத்துக்கு பார்ட் 119 சான்று தேவையில்லை. ஆனால் 91.147-இன் கீழ் எஃப்ஏஏ-யிடமிருந்து அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். போதைப்பொருள், மது பரிசோதனைத் திட்டமும் நடத்த வேண்டும். விமானத்துக்கு 100 மணி நேரப் பரிசோதனையும் உண்டு. தனி ஆளாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வேலைகளைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

படம் எடுப்பவரை ஏற்றிப் போய், எங்கும் இறக்காமல் அதே இடத்துக்குத் திரும்புவது வான்வழிப் பணி. பயிற்சி, பைப்லைன் கண்காணிப்பு, பேனர் இழுப்பு போல அதுவும் பார்ட் 119-இல் இருந்து விலக்கு. புதிய கமர்ஷியல் பைலட் சட்டச் சிக்கல் இல்லாமல் கூலி வாங்கக்கூடிய இடங்கள் இவைதான்.

18. செக்ரைடுல ஃபெயிலானா?

மறுப்பு அறிவிப்பு கொடுப்பார்கள். தவறிய பகுதிக்குப் பயிற்சி எடுத்து, பயிற்சியாளரிடம் மறு கையெழுத்து வாங்கி 60 நாளுக்குள் போனால், தேறிய பகுதிகளுக்குப் பொதுவாக மதிப்பு உண்டு. அறிவிப்பு உங்கள் பதிவில் நிற்கும், வேலை தரும் நிறுவனங்கள் அதைப் பார்க்கும். காற்று, மேகம், விமானக் கோளாறு என்று ஏதாவது சரியில்லை என்றால் தொடங்கிய பின்னும் நிறுத்தலாம். அப்போது தருவது இடைநிறுத்தக் கடிதம், அது தோல்வி இல்லை. கூச்சப்படாமல் நிறுத்துங்கள்.

19. இன்ஷூரன்ஸ் குறையுமா? ஃப்ளைட் ரிவ்யூ மிச்சமாகுமா?

காப்பீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது மொத்த மணி நேரம், அதே வகை விமானத்தில் உள்ள மணி நேரம், இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங். கமர்ஷியல் சர்டிபிகேட்டால் மட்டும் பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பைலட்கள் அவ்வப்போது பயிற்சியாளரோடு முடிக்க வேண்டிய ஃப்ளைட் ரிவ்யூ மிச்சம்தான்: செக்ரைடில் தேறினால் அதுவே ரிவ்யூவாகக் கணக்காகி, அடுத்த 24 காலண்டர் மாதம் அங்கிருந்து ஓடும்.

20. செகண்ட் கிளாஸ் கிடைக்காதுன்னு மருத்துவர் சொல்லிட்டார். அப்போ கமர்ஷியல் வீண்தானே?

பயிற்சியாளராகப் போக நினைத்தால் வீண் இல்லை. பயிற்சியாளர் வாங்கும் பணம் ஓட்டியதற்கல்ல, சொல்லிக் கொடுத்ததற்கு என்றே எஃப்ஏஏ கருதுகிறது. அதனால் தேர்ட் கிளாஸ் அல்லது பேசிக்மெட் வைத்துக்கொண்டு கட்டணம் வாங்கிப் பயிற்சி தரலாம். பேசிக்மெட் என்றால் விமான எடை, பயணிகள் எண்ணிக்கை, 18,000 அடி உயரம், 250 நாட் வேகம் ஆகிய அதன் வரம்புகளுக்குள் இருக்க வேண்டும். 48 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும், 24 மாதத்துக்கு ஒருமுறை இணைய வகுப்பும் முடிக்க வேண்டும். 16-இல் சொன்ன மாதிரி ஒருவருக்குச் சம்பளத்துக்கு ஓட்டவும், 17-இல் உள்ள வான்வழிப் பணிகளுக்கும் இது போதாது. அவற்றுக்குச் செகண்ட் கிளாஸ் இல்லாமல் வழி இல்லை.